வேலூரில் டீசல் ஃபில்டர் வாங்கிய கடை: கேட்காமலே ஓ-ரிங்கும் கொடுத்தவர்

வேலூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு குறுகலான தெருவில், ஒரே ஷட்டர் அகலத்தில் இருக்கும் உதிரிபாகக் கடை இது. கடந்த பதினான்கு மாதங்களில் மூன்று முறை இங்கே போயிருக்கிறேன். இரண்டு டீசல் ஃபில்டர்கள், ஒரு ஏர் ஃபில்டர், டீசல் ஓடும் ரப்பர் பைப் ஒன்றரை அடி, அதற்கான கிளிப்புகள் ஆகியவற்றை வாங்கியிருக்கிறேன். ஃபில்டரை வீட்டிலேயே நானே மாற்றுகிறவன் என்பதால், வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் கடையைப் பார்ப்பதுபோல் நான் பார்ப்பதில்லை. விலையில் ஐம்பது ரூபாய் கூடுவதும் குறைவதும் எனக்குப் பெரிதில்லை. ஃபில்டரோடு சேர்த்து மாற்றியாக வேண்டிய சின்ன ரப்பர் வளையங்களும் செம்பு வாஷரும் சரியான அளவில் கைக்கு வருகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். இங்கே அவை நான் கேட்காமலே வந்தன. அதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது 2013இல் வாங்கிய, ஏழு பேர் அமரும் டீசல் வண்டி. வீடு சத்துவாச்சாரியில், நிலம் ஒடுகத்தூர் பக்கம். வாரத்துக்கு இரண்டு நாளாவது மண் பாதையில் ஓடும் வண்டி என்பதால் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் கவனிக்காமல் விட முடியாது. இந்தக் கடைக்கு வருவதற்கு முந்தைய முறை, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஃபில்டர் வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஃபில்டர் மட்டுமே இருந்தது. என் வண்டியில் டீசலில் தண்ணீர் சேர்ந்தால் அறிவிக்கும் சென்சார் ஃபில்டரின் அடிப்பாகத்தில் திருகப்பட்டிருக்கிறது. பழையதிலிருந்து அதைக் கழற்றிப் புதியதில் மாட்டும்போது அதன் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட வேண்டும். அது பெட்டியில் இல்லாததால், பழைய வளையத்தையே துடைத்து, கொஞ்சம் டீசல் தடவி மாட்டிவிட்டேன். பார்வைக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்துக் காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு வண்டி நேரம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. பேட்டரிதான் பலவீனமாகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஆம்பூருக்குப் போகும் வழியில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை மிதித்தபோது, இழுவை அறவே போய் வண்டி குலுங்கியது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. பின்னிருக்கையில் என் தாயாரும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். எல்லோரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தேன். சென்சாரின் விளிம்பில் ஒரே ஒரு துளி டீசல் தொங்கிக்கொண்டிருந்தது. விழவும் இல்லை, வற்றவும் இல்லை. அதற்கு நேர் கீழே செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த வயர். பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் வரும் வயர் அது.

அந்தத் துளி சொல்லும் செய்தி வீட்டில் ஃபில்டர் மாற்றும் பலருக்குத் தெரிவதில்லை. என் வண்டியைப் போன்ற அமைப்பில், பம்ப் டீசலைத் தொட்டியிலிருந்து ஃபில்டர் வழியாக உறிஞ்சி எடுக்கிறது. எனவே ஃபில்டரில் எங்காவது இடைவெளி இருந்தால், இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது; வெளிக்காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். இன்ஜின் அதிக டீசல் கேட்கும் நேரத்தில் உறிஞ்சும் வேகம் கூடி, காற்றும் கூடுதலாகப் புகுந்து, பம்ப் வெறுங்காற்றைப் பிடிக்கிறது. இரவில் நிறுத்தி வைத்தால் உள்ளே புகுந்த காற்று இடம் பிடித்துக்கொள்ள, டீசல் மெல்லத் தொட்டிக்கே திரும்பிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. பேட்டரியைக் குறை சொல்லி ஒரு வாரத்தை வீணாக்கிய நான், அன்று ஃபில்டருக்கு மேலே இருக்கும் கை பம்பை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றி, வேகம் கூட்டாமல் ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பழைய ஃபில்டரையும் சென்சாரையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு முதன்முறையாக இந்தக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் ஃபில்டரை ஒதுக்கி வைத்துவிட்டு, ஓ-ரிங்கை மட்டும் விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு புதிய வளையத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். புதியதன் குறுக்குவெட்டு உருண்டையாக இருந்தது. என்னுடையது நான்கு பக்கமும் தட்டையாகி, கொஞ்சம் ஊதியும் இருந்தது. நகத்தால் அழுத்திக் காட்டினார். புதியதில் பள்ளம் விழுந்த உடனே மறைந்தது. பழையதில் நகத்தின் பிறை அப்படியே நின்றது.

“பாய், இதைத் துடைத்துப் போட்டால் போதும் என்று நினைத்தேன்” என்றேன்.

“ஃபில்டர் எவ்ளோ நல்லா இருந்தும் என்ன தம்பி, ரப்பர் செத்துப் போச்சே” என்றார்.

ஃபில்டர் எடுத்துத் தருவதற்கு முன்பு ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். வண்டியின் பெயரைச் சொன்னால் போதாதா என்று கேட்டேன். ஒரே பெயரில் விற்கப்பட்ட வண்டியிலும், வாகனப் புகைக்கான பிஎஸ்-4 விதி நாடு முழுவதும் வந்த 2017, பிஎஸ்-6 வந்த 2020 ஆகிய ஆண்டுகளையொட்டி டீசல் அமைப்பு மாறியிருக்கக்கூடும், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் ஃபில்டரில் மரை மாறினாலோ ரப்பர் உட்காரும் வட்டம் மாறினாலோ அது பாதி இறுகி நின்றுவிடும் என்று விளக்கினார். தயாரித்த ஆண்டையும் சேசிஸ் எண்ணையும் பார்த்து, தடித்த பட்டியல் புத்தகத்தில் எண்ணைத் தேடி, பிறகுதான் ஏணியில் ஏறினார். கல்லாவில் கூட்டம் இருக்கும்போதும் இந்த வேலையை அவர் தவிர்ப்பதில்லை என்பதை பின்னொரு முறை போனபோதும் பார்த்தேன்.

அவர் எடுத்து வைத்தது போஷ் ஃபில்டர். ஆனால் வாயில் வந்த பெயர் ‘மைக்கோ’. 1951இல் பெங்களூருவில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்று தொடங்கிய அந்த நிறுவனம் போஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது 2008இல்தான். பழைய மெக்கானிக்குகளுக்கு டீசல் பம்ப் என்றாலே இன்றும் மைக்கோதான். பெட்டிக்குள் ஃபில்டரோடு மேல் ரப்பரும் சென்சாருக்கான ஓ-ரிங்கும் இருந்தன. தண்ணீர் வெளியேற்றும் திருகுக்கான செம்பு வாஷரை அவர் தனியாக ஒரு டப்பாவிலிருந்து பொறுக்கி, திருகில் மாட்டிப் பார்த்துக் கொடுத்தார். ஃபில்டர் 780 ரூபாய், வாஷர் 10 ரூபாய், ரசீது உண்டு.

டூப்ளிகேட் சரக்கைப் பற்றியும் அவரிடம் கற்றுக்கொண்டேன். வேறு யாரோ திருப்பிக் கொண்டுவந்த போலி ஒன்றை அறுத்து, வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகவே கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கிறார். உள்ளே இருக்கும் தாளின் மடிப்புகள் ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் விலகியும் கிடந்தன. தாளின் விளிம்பை மூடியோடு ஒட்டும் பசை ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளி வழியாக டீசல் வடிகட்டப்படாமலே போய்விடும். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு இடையே விடப்பட்டிருக்கும் இடம் சில மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான் என்பதை நினைத்தால், கண்ணுக்குத் தெரியாத தூசி அங்கே என்ன செய்யும் என்பது விளங்கும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து, பல ஆயிரம் ரூபாய் இன்ஜெக்டரை இழப்பது இப்படித்தான் நடக்கிறது.

மற்றொரு நிகழ்வையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் நின்றிருந்தபோது இளைஞர் ஒருவர் பெட்ரோல் காருக்கு ஃபில்டர் கேட்டு வந்தார். வீட்டிலேயே மாற்றப் போவதாகச் சொன்னார். பெரியவர் கொடுக்க மறுத்துவிட்டார். இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஃபில்டர் தொட்டிக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது, அதைத் திறப்பது வீட்டு வேலை அல்ல, பட்டறைக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவைத்தார். அவர் செய்தது முழுக்கச் சரி. பெட்ரோல் குழாயில் இன்ஜினை நிறுத்திய பிறகும் மூன்று நான்கு பார், அதாவது கார் டயரில் இருப்பதைவிடக் கூடுதலான அழுத்தம் தங்கியிருக்கும். கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். அதன் ஆவி காற்றைவிட எடை கூடியது என்பதால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, போர்ட்டிகோவிலிருந்து வாசற்படி தாண்டி, பூஜை அறை விளக்கையோ சமையல் அடுப்பையோ தேடிப் போய்விடும். ஒரு விற்பனையை விட்டுக்கொடுத்து இதை எடுத்துச் சொல்லும் கடையை நான் மதிக்கிறேன்.

டீசல் அவ்வளவு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக இருக்கிறது. வேலூரில் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அருகில் நெருப்பு இருந்தால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு டீசல் ஆவியாகும் வெப்பநிலை, இந்தியத் தர விதிப்படி குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். கத்தரி வெயிலில் நம் ஊரின் நிழலே 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஓடி வந்து நின்ற வண்டியின் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லவே வேண்டாம். எனவே ஃபில்டர் மாற்றும் வேலையை நான் விடியற்காலையில், இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியில், கூரையில்லாத வாசலில்தான் செய்கிறேன். அன்று வாசலில் கொசுவர்த்தி இருக்காது. அருகில் யாரும் புகைக்க மாட்டார்கள். தண்ணீர் மோட்டார் சுவிட்சையும் வேலை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுவேன். ஏபிசி வகை உலர் தூள் தீயணைப்பான் ஒன்றும் ஒரு வாளி காய்ந்த மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எரியும் டீசல்மேல் தண்ணீர் ஊற்றினால் டீசல் மிதந்து நெருப்பைப் பரப்பும் என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுகிறேன். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுகிறேன். செல்ஃப் மோட்டார், டைனமோ, வயர்கள் ஆகியவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் பனியன் வேஸ்ட் துணியைத் தடியாகப் போடுவேன். பள்ளிகொண்டாவில் பார்த்த துளி அதற்குப் பிறகு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அடித் திருகைத் தளர்த்தி, ஃபில்டரில் இருக்கும் டீசலை அகன்ற வாயுள்ள கண்ணாடி பாட்டிலில் பிடிக்கிறேன். அழுக்கு எவ்வளவு என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

கடந்த ஆண்டு அந்த பாட்டிலில் பார்த்ததை விவரமாகச் சொல்கிறேன். பத்து நிமிடம் வைத்ததும் மேலே வைக்கோல் நிறத்தில் டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்கு நிறமற்ற தண்ணீர், இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படலம். டீசலைவிடத் தண்ணீர் எடை கூடியது என்பதால் அடியில் தங்குகிறது. ஃபில்டரின் அடியில் சென்சாரும் திருகும் வைத்திருப்பதன் காரணமும் அதுவே. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது, நிலத்தில் கிணற்று இன்ஜினுக்காக வைத்திருந்த கேனிலிருந்து ஒருமுறை அவசரத்துக்குப் பத்து லிட்டர் ஊற்றியது நினைவுக்கு வந்தது. மூடி சரியாக இல்லாத அந்தக் கேன் ஐப்பசி மழை முழுவதும் கொட்டகைத் தாழ்வாரத்தில் நின்றிருந்தது. அதன் பிறகு கேன் டீசல் வண்டிக்குப் போவதில்லை.

புதிய ஃபில்டரை மாட்டும்போது அதன் ரப்பரில் சுத்தமான டீசலைத் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்டதும் மேலும் முக்கால் சுற்றோடு நிறுத்துகிறேன். அது என் ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு. ஸ்பேனரோ பட்டை ரிஞ்சோ கழற்றுவதற்கு மட்டும்தான். இறுக்குவதற்கு அதைப் பயன்படுத்தினால் ரப்பர் பிதுங்கிவிடும். ஃபில்டரை முன்கூட்டியே டீசலால் நிரப்பி மாட்டுகிறவர்கள் உண்டு. நடுத்துளை வழியாக ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராக பம்புக்குப் போய்விடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. காலியாகவே மாட்டி, மேலே இருக்கும் கை பம்பை அழுத்துகிறேன். முதலில் பம்ப் பஞ்சுபோல் இருக்கும். காற்று வெளியேற்றும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் நுரையாக வரும். நுரை நின்று டீசல் ஒரே சீராக வந்ததும் திருகை மூட வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து அழுத்தில் பம்ப் கல்லாக இறுகிவிடும். இறுகவில்லையென்றால் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். அந்த நிலையில் செல்ஃப் அடித்துப் பயனில்லை. இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள்.

செல்ஃப் ஒருமுறைக்குப் பத்து வினாடிக்கு மேல் அடிப்பதில்லை. அடுத்த முறைக்கு ஒரு நிமிட இடைவெளி விடுகிறேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பழைய வண்டிகளில் வழக்கமாக இருந்தது. ஒரே பொதுக் குழாயில் மிகுந்த அழுத்தத்தில் டீசலைத் தேக்கி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் காமன் ரெயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. கார் டயரில் நாம் நிரப்பும் காற்று சுமார் இரண்டு பார். அந்தக் குழாயில் ஓடும் டீசல் ஆயிரம் பாருக்கும் மேல். ஊசி முனை அளவுக்குக் கசிந்தாலும் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயம் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். அப்படி ஏதேனும் நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சென்சாரைச் சுற்றியும் மேல் ரப்பரைச் சுற்றியும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தப்பும் ஈரம் தாளுக்குத் தப்பாது.

பழைய டீசலையும் ஃபில்டரையும் என்ன செய்வது என்று கேட்டபோது, ஃபில்டரை வடியவிட்டுக் கொண்டுவந்தால் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் சேர்த்துவிடுவதாகக் கடைக்காரரே சொன்னார்; இரண்டு முறையும் வாங்கிக்கொண்டார். இந்த வசதி எனக்கு மிகவும் உதவியாக இருக்கிறது. நம் தெருச் சாக்கடைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது பாலாற்றங்கரையில் வாழ்கிற நமக்குத் தெரியும்.

கடையில் குறைகளும் உண்டு. வண்டி நிறுத்த இடமே இல்லை. காரை வேறெங்காவது விட்டுவிட்டு நடந்துதான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் பன்னிரண்டரை மணியிலிருந்து இரண்டரை மணிவரை மூடியிருக்கும். முதல் முறை அது தெரியாமல் வெயிலில் காத்திருந்தேன். பெரியவர் இல்லாத நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் பையன் மரியாதையாகப் பேசுகிறார் என்றாலும், பட்டியல் புத்தகத்தைப் புரட்டாமல் நினைவிலிருந்தே எடுத்துத் தந்துவிடுகிறார். இரண்டாவது முறை அவர் கொடுத்த செம்பு வாஷர் ஒரு அளவு பெரியதாக இருந்தது. மாட்டிப் பார்க்காமல் வாங்கி வந்தது என் தவறும்தான். மாற்றிக் கேட்டபோது மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இங்கே வாங்கிய பட்டை ரிஞ்ச் எனக்குத் திருப்தியில்லை; எண்ணெய் பட்ட ஃபில்டரில் வழுக்குகிறது. அதைவிட, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஃபில்டரைச் சுற்றிப் பிடித்துத் திருகுவது எளிதாக இருக்கிறது.

இரண்டாவது ஃபில்டரை மாட்டி இப்போது ஆறாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. இடையில் இருமுறை அடித் திருகைத் தளர்த்திப் பார்த்தேன். முதல் முறை ஒரு தேக்கரண்டி தண்ணீர் வந்தது. சென்ற மாதம் பார்த்தபோது டீசல் மட்டும்தான். காலையில் முதல் செல்ஃபிலேயே வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆம்பூருக்கும் இரண்டு முறை தாயாரை அழைத்துக்கொண்டு போய் வந்துவிட்டேன். தண்ணீர் திருகைத் திறக்கும் ஒவ்வொரு முறைக்கும் புது வாஷர் போட வேண்டும் என்று பெரியவர் சொன்னதால், சரியான அளவில் ஐந்து வாஷர்களை வாங்கி, வண்டி எண்ணையும் ஃபில்டரின் எண்ணையும் எழுதிய ஒரு காகித உறையில் போட்டு டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன்.